எட்டு நிமிடம்

என் வேலை வாயைத் திறக்காமல் இருப்பது.
ஒரு மேசை, ஒரு மணி,
கணிதம் எடுக்கும் செட்டி சார்
திங்களன்று திருப்பித் தரவேண்டும் என்று
மூன்று முறை சொல்லிக் கொடுத்த நொடிகாட்டி.

சாட்ஸ்வர்த், யூனிட் மூன்று, பள்ளி மண்டபம்.
ஆகஸ்ட் காற்று
கூரைத் தகரத்தை நெம்பிப் பார்க்கிறது.
பின்வரிசையில் யாரோ சமோசாப் பொட்டலம் பிரிக்கிறார்கள்,
வாதப் போட்டியில் வாசனைக்கு விதி இல்லை.

மற்றதற்கெல்லாம் உண்டு.
தலைவர் வாசிக்கிறார், பஸ் அட்டவணை வாசிப்பதுபோல:
அணிக்கு மூவர். ஆளுக்கு எட்டு நிமிடம்.
முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் காப்பு,
அப்போது யாரும் குறுக்கிடக் கூடாது.
நடுவே ஆறு நிமிடம்
எதிரணி எழுந்து கை நீட்டலாம்.
பேசுபவர் ஏற்கலாம்,
அல்லது ஈயை ஓட்டுவதுபோல் உட்காரச் சொல்லலாம்.
தொகுப்புரையில் புது வாதம் ஆகாது.
சொந்தக் கதை சான்றாகாது.

எந்தப் பக்கம் என்பதை நீ தேர்வதில்லை.
ஒரு ராண்ட் நாணயம் தேரும்.
மான் விழுந்தால் ஆதரவு.

உறையைக் கிழித்தார்கள்:
"ஆற்றங்கரைக் குடிசைகளை அரசு அகற்ற வேண்டும்
என்று இந்த அவை கருதுகிறது."

மான் விழுந்தது.

சரோஷ்னி மூட்லி நாணயத்தைப் பார்க்கவில்லை,
மான் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்ப்பவள்போல்
தரையைப் பார்த்தாள்.
நானும் அவளும் ஒரே டாக்ஸியில் வருகிறோம்.
அவள் ஏறும் இடம் எனக்குத் தெரியும்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்:
மற்றவர்களுக்குப் பழமொழி, அவளுக்கு முகவரி.
கதவில் நகராட்சியின் மஞ்சள் தாள்
இரண்டு வாரமாக ஒட்டியிருக்கிறது.

தயாரிக்க ஒரு மணி நேரம். கைப்பேசி கூடாது.
ஓர் அகராதி தந்தார்கள்.
'அகற்று' என்ற சொல்லுக்கு அதில் பதினோரு பொருளாம்,
பிறகு நொக்வாண்டா சொன்னாள்.

அவள் எழுந்தாள். நான் அழுத்தினேன்.

ஐயோ, எப்படிப் பேசினாள்!
வெள்ளம் வரும் கோடு, கரையிலிருந்து முப்பது மீட்டர்,
சரியும் மண், இரவு இரண்டு மணிக்குத்
தண்ணீர் முதலில் நுழைவது கட்டிலுக்கு அடியில் என்ற தகவல்.
நடுவர் அதைக் குறித்துக்கொண்டார்.
எங்கே படித்தாய் என்று கேட்கவில்லை.

நான்காம் நிமிடம் எதிரணி லுயாண்டா எழுந்தான்.
நல்ல பையன், பளபளக்கும் ஷூ.
"அங்கே வாழ்பவர்களைக் கேட்டீர்களா?"

அவள் ஏற்றாள்.
"கேட்டோம். ஒரே வீட்டுக்குள்ளேயே
இரண்டு கருத்து இருக்கிறது" என்றாள்.

மண்டபம் சிரித்தது.
மணியின் நாக்கை
நான் விரலால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழில் ஒரு மணி அடித்தேன். காப்பு நிமிடம்.
உலகத்தில் யாரும் அவளை அசைக்க முடியாத
அறுபது நொடி.
இருபது பேசினாள்.
பிறகு தாளை மடித்தாள், இன்னும் சிறிதாக மடித்தாள்.
இருபத்திரண்டு நொடி சும்மா நின்றாள்.
காற்று தகரத்தைத் தட்டியது.
நன்றி சொல்லாமல் உட்கார்ந்தாள்.

மதிப்பெண் தாளில் மூன்று கட்டம்:
பொருள் நாற்பது, நடை நாற்பது, உத்தி இருபது.
நின்றதற்குக் கட்டம் இல்லை.
நடுவர் ஓரத்தில் எழுதினார்:
"முடிவில் தொய்வு. நேரத்தை முழுதும் பயன்படுத்தவும்."

அரை மதிப்பெண்ணில் ஜெயித்தார்கள்.

டாக்ஸி நிறுத்தத்தில்
பீன்ஸ் பன்னியை இரண்டாகப் பிய்த்து
ரொட்டி மூடியை எனக்குத் தந்தாள்.
கேடயம் ஷாப்ரைட் பையில் கிடந்தது.
"எவ்வளவு மிச்சம் வச்சேன்?"

காலையிலிருந்து அதுதான் நான் பேசிய முதல் சொல்:
"பதினெட்டு."

"பரவாயில்லையே" என்றாள், விரலை நக்கிக்கொண்டு.
டாக்ஸி வந்தது. முன்னிருக்கையில் ஏறி
ஓட்டுநரிடம் சில்லறை எண்ண ஆரம்பித்தாள்.

நொடிகாட்டியை நான் இன்னும்
பூஜ்யத்துக்குக் கொண்டுவரவில்லை.
திங்களன்று செட்டி சார் கேட்பார்.